திருத்துவது, நீக்குவது, ஒழிப்பது: மாற்றத்தைச் சொல்லும் ஆங்கில வினைகளும் நமது அரசியலும்



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் அவையில் சொற்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமானது என்று கருதுகிறோம். 1907இல் சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய நாளிலிருந்து 1914இல் மறையும்வரை அவர் செய்த வேலையில் பெரும்பகுதி சொல்லாராய்ச்சிதான். ஒரு சொல்லை எடுப்பார். அதன் வேரைத் தேடுவார். அதை யார், யாரை நோக்கி, எதற்காகச் சொன்னார்கள் என்று கேட்பார். இழிவுபடுத்தும் வரலாறு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, அதை அங்கிருந்தே வெளியே இழுக்க வேண்டும் என்பது அவருடைய முறை. அவருடைய வேர்ச்சொல் விளக்கங்கள் ஒவ்வொன்றையும் இன்றைய மொழியியல் ஏற்குமா என்பது வேறு விவாதம். அந்த முறையை நாம் கைவிட வேண்டியதில்லை.

தலித் அரசியல் பெயர்ச்சொற்களைப் பற்றி நிறைய விவாதித்திருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. அரிசன் என்ற பெயரை அம்பேத்கர் எதிர்த்தார். பஞ்சமர், பட்டியல் இனத்தார், தலித் என்று ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு போராட்டம் உண்டு. வினைச்சொற்களைப் பற்றி இந்த அளவுக்கு நாம் பேசியதில்லை. நம்முடைய கோரிக்கைகள் எல்லாமே வினைகள்தான்: தடுத்து நிறுத்து, திருத்து, ரத்து செய், ஒழி. நமக்கு எதிரானவர்கள் செய்வதும் வினைகள்தான். பெயர்ச்சொல் நம்மை யார் என்று சொல்கிறது. யார் யாரை என்ன செய்தார்கள் என்பதை வினைதான் சொல்கிறது.

ஆங்கில வினைகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். நமது உயர் நீதிமன்றம் இயங்குவதும் ஆங்கிலத்தில்தான். நாடாளுமன்றச் சட்டங்களின் அதிகாரபூர்வமான வாசகமும் ஆங்கிலம். தமிழில் முழக்கமிடுகிறோம், ஆங்கிலத்தில் மனு எழுதுகிறோம், ஆங்கிலத்தில் தீர்ப்பு வருகிறது, அதைத் தமிழில் மக்களிடம் சொல்கிறோம். இந்தப் போக்குவரத்தில் வினைகள் உருமாறுகின்றன. சில இடங்களில் நாம் கேட்டது ஒன்றாகவும் கிடைத்தது வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது.

1. தானாக மாறியதா, மாற்றினார்களா?

மிக எளிய சொல்லிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தில் 'சேஞ்ச்' என்றால் மாறுவதும் அதுதான், மாற்றுவதும் அதுதான். 'ரிஃபார்ம்', 'கன்வெர்ட்' ஆகியவையும் அப்படியே. ஒரே வடிவம் இரண்டு வேலையும் செய்கிறது. தமிழில் அப்படியில்லை. மாறு, மாற்று, திருந்து, திருத்து, தாழ், தாழ்த்து, ஒடுங்கு, ஒடுக்கு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதைத்தான். தமிழில் வாயைத் திறந்தவுடனே, இது தானாக நடந்ததா, யாராவது செய்தார்களா என்பதை முடிவுசெய்தாக வேண்டும்.

இது இலக்கண வேடிக்கை அன்று. 'தாழ்ந்த சாதியார்' என்பதற்கும் 'தாழ்த்தப்பட்டோர்' என்பதற்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு வேறுபாடு மட்டுமே. முதல் சொல்லில் தாழ்வு இயல்பு. இரண்டாவது சொல்லில் அது ஒருவர் செய்த செயல். செய்தவரைத் தேடிப் போகலாம், கணக்குக் கேட்கலாம். வெள்ளையர் ஆட்சி பயன்படுத்திய 'டிப்ரெஸ்ட்' என்ற சொல்லிலும் அழுத்துதல் என்ற வினை இருந்தது. பிறகு அதன் இடத்தில் வந்த 'ஷெட்யூல்ட்' என்ற சொல்லில் பட்டியலில் எழுதுதல் என்ற வினைதான் இருக்கிறது. நிர்வாகத்துக்கு அது வசதியான சொல். அழுத்தியவர் யார் என்ற கேள்வி அதற்குள் இல்லை. மராத்தியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'தலித்' அந்தக் கேள்வியை மீண்டும் கொண்டுவந்தது. உடைக்கப்பட்டவர் என்றால் உடைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

இன்று நாளேடுகளில் 'கிராமங்கள் மாறிவிட்டன', 'காலம் மாறிவிட்டது' என்று படிக்கிறோம். இவை தன்வினை வாக்கியங்கள். தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை போய்க் காகிதக் குவளை வந்த ஊர்களை நாமும் பார்த்திருக்கிறோம். சில ஊர்களில் அந்தக் காகிதக் குவளை நமக்கு மட்டும் வருகிறது. மற்றவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. அங்கே மாறியது குவளை. நடைமுறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான வினை 'ரீப்ளேஸ்', ஒன்றை எடுத்து அதே இடத்தில் இன்னொன்றை வைப்பது. 'சேஞ்ச்' என்ற பொதுச்சொல்லைப் போட்டுவிட்டால் கடைக்காரருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

நம் பேச்சுவழக்கில் 'மாத்து' என்றொரு பெயர்ச்சொல்லும் உண்டு. வண்ணார் சமூகத்தவர் வெளுத்துக் கொடுக்கும் மாற்றுத்துணி அது. சாவுக்கும் சடங்குக்கும் சாமி ஊர்வலத்துக்கும் மாத்து விரிப்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. துணி மாறிக்கொண்டே இருந்தது. விரிக்கும் கை மாறவில்லை. மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ந்துவிடாமல் எது மாறுகிறது என்று கேட்க நம் முன்னோருக்கு இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்திருக்கும்.

சமூகவியல் மாணவர்களுக்கு இதே வேறுபாடு வேறு பெயரில் தெரியும். எம்.என். சீனிவாஸ் 'சமஸ்கிருதமயமாக்கம்' என்று பேசியபோது, ஒரு சாதி மேல்சாதியின் பழக்கங்களை மேற்கொண்டு ஏணியில் ஒரு படி ஏறலாம், ஆனால் அதனால் வருவது நிலை மாற்றம், கட்டமைப்பு மாற்றம் வராது என்று அவரே குறிப்பிட்டார். ஏணியில் இருப்பவர்கள் இடம் மாறுகிறார்கள். ஏணி அப்படியே நிற்கிறது.

2. பிழை நீக்கமும் உருவாக்கமும்

'அமெண்ட்' என்ற வினையின் வேர் இலத்தீனில் பிழையைக் குறிக்கும் சொல். பிழையை எடுத்துவிடுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். கிழிந்ததைத் தைப்பதைக் குறிக்கும் 'மெண்ட்' இதன் சுருங்கிய வடிவம். ஆகவே அமெண்ட் செய்கிறவர் ஒன்றை ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார்: முழுமை நல்லது, அதில் ஒரு பிழை இருக்கிறது. 'ரிஃபார்ம்' இன்னும் ஒரு படி மேலே. உருவத்தை மறுபடி அமைப்பது அது. அங்கேயும் பொருள் அதே பொருள், உருவம் மட்டும் புதிது. தமிழில் முதலாவது 'திருத்தம்', இரண்டாவது 'சீர்திருத்தம்'. இரண்டிலும் திருத்துதான் வினை. விடைத்தாள் திருத்துகிறோம், நிலம் திருத்துகிறோம், சட்டம் திருத்துகிறோம், சமூகத்தையும் திருத்துகிறோம். நான்கும் வெவ்வேறு செயல்கள். தமிழ் ஒரே சொல்லால் சமாளிக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை அமெண்ட் சின்ன வினை என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், 1950இல் சென்னை உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்த ஆணை செல்லாது என்றன. தமிழ்நாட்டில் பெரியார் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அந்த ஆண்டிலேயே முதல் திருத்தம் வந்து, 15ஆம் உறுப்பில் நான்காம் பிரிவு சேர்க்கப்பட்டது. இந்த அவையில் இருக்கும் மாணவர்களில் பலர் கல்லூரிக்குள் நுழைந்த வழி அந்த ஒரு பிரிவு.

அமெண்ட் என்ற வினையின் எல்லை எது என்பதே நாட்டின் மிகப் பெரிய அரசமைப்பு வழக்கானது. 1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நாடாளுமன்றத்துக்கு அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் உண்டு என்பதில் தகராறு இல்லை. திருத்துதல் என்ற சொல்லுக்குள் அழித்தல் அடங்குமா என்பதே கேள்வி. ஏழு பேர் அடங்காது என்றார்கள். ஆறு பேர் அந்த முடிவோடு உடன்படவில்லை. அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது என்ற கோட்பாடு அந்த ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிற்கிறது. அரசமைப்பையே மாற்றி எழுத வேண்டும் என்று அவ்வப்போது குரல்கள் எழும்போது, அவர்கள் சொல்வது திருத்துவதையா, மாற்றி வைப்பதையா என்று கேட்கும் உரிமையை நமக்குக் கொடுத்தது ஒரு வினைச்சொல்லின் பொருள் பற்றிய விவாதம்தான்.

சமூகத்துக்கு வரும்போது ரிஃபார்ம் போதுமா என்ற கேள்வியை முதலில் கூர்மையாக வைத்தவர் அம்பேத்கர். 1936இல் அவர் எழுதிய உரையின் தொடக்கப் பகுதியிலேயே, காங்கிரஸ் காலத்துச் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் செய்தது எது, செய்யாதது எது என்று பிரித்துக் காட்டுகிறார். விதவை மறுமணம், குழந்தைத் திருமணத் தடை போன்றவை உயர்சாதி இந்துக் குடும்பத்தைச் சீர்திருத்தும் வேலைகள். சாதியை அகற்றி இந்து சமூகத்தை மறுகட்டமைப்பது வேறு வேலை. முதலாவதற்கு அவர்கள் தயார்; இரண்டாவதை அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் சமூகச் சீர்திருத்தம் என்ற ஒரே பெயரில் அழைத்ததால் வந்த குழப்பத்தை அவர் அவிழ்த்தார்.

3. ஒரே ஒழிப்பு, மூன்று வினைகள்

அந்த உரை எழுதப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரைத் தலைமை தாங்க அழைத்தது. 'தோடக்' என்றால் உடைப்பவர். சாதியை உடைக்கும் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், அச்சில் உரையைப் படித்ததும் சாத்திரங்களைப் பற்றிய பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அம்பேத்கர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. உரையை அவரே தம் செலவில் 1936 மே மாதம் வெளியிட்டார். பெயரில் 'உடைத்தல்' இருக்கலாம், செயலில் 'உடைத்தல்' கூடாது என்பதுதான் மண்டலின் நிலைப்பாடு. அவர்களிடமே திருத்தம் கோரிக்கையாக வந்தது. அவர் திருத்த மறுத்தார்.

அந்த நூலின் ஆங்கிலத் தலைப்பில் இருப்பது 'அனைஹிலேட்' என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். ஒன்றுமில்லாமல் ஆக்குவது என்பது அதன் வேர்ப்பொருள். போரில் ஒரு படையை மிச்சமின்றி அழிப்பதற்கு அதைச் சொல்வார்கள். தமிழில் அது உடனடியாகப் பெரியாரின் 'குடி அரசு' வழியாக வந்தபோது 'ஒழி' என்ற வினை அதற்குக் கிடைத்தது. அந்த வினை நம் நாக்கில் நிலைத்துவிட்டது.

இப்போது அரசமைப்பின் 17ஆம் உறுப்புக்கு வருவோம். அங்கே இருப்பது 'அபாலிஷ்'. அதையும் தமிழில் தீண்டாமை 'ஒழிப்பு' என்றே சொல்கிறோம். வறுமை ஒழிப்புக்கும் கொசு ஒழிப்புக்கும் ஆங்கிலத்தில் 'எராடிகேட்' என்பார்கள். வேரோடு பிடுங்குதல் அதன் பொருள். அதற்கும் நமக்கு ஒழிப்புதான். ஆங்கிலத்தின் மூன்று வினைகளைத் தமிழின் ஒரே வினை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு நம் வாழ்வைத் தொடுவது. அபாலிஷ் என்பது அதிகாரம் உள்ளவர் சொல்லால் செய்யும் செயல். அடிமை முறையையும் ஜமீன்தாரி முறையையும் மரண தண்டனையையும் அபாலிஷ் செய்யலாம். ஏனென்றால் அவை சட்டத்தால் நிற்பவை. சட்டம் கையை எடுத்துக்கொண்டால் விழுந்துவிடும். கொசுவை யாரும் அபாலிஷ் செய்ய முடியாது. அது சட்டத்தால் வாழவில்லை. தேங்கிய நீரால் வாழ்கிறது. அதை எராடிகேட்தான் செய்ய வேண்டும், நீர் தேங்கும் இடங்களைத் தேடித் தேடி.

தீண்டாமை இதில் எந்த வகை? 1948 நவம்பர் 29இல் அரசமைப்பு அவை இந்த உறுப்பை ஏற்றுக்கொண்டபோது அபாலிஷ் என்ற வினையோடு நிறுத்தவில்லை. அதன் நடைமுறை எந்த வடிவில் இருந்தாலும் தடைசெய்யப்படுகிறது என்றும், அதனால் எழும் இயலாமைகளை ஒருவர்மீது திணிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றும் சேர்த்தார்கள். முதல் வினை தன் வேலையை முழுதாகச் செய்துவிடும் என்றால் மற்ற இரண்டும் தேவையில்லை. சட்டம் இட்ட தடையை மீறி இது வாழும் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த உறுப்பில் தீண்டாமை என்ற சொல் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. அதற்கு வரையறை தரப்படவில்லை. அங்கே ஒழிக்கப்படுவது தீண்டாமை மட்டுமே என்பதையும் கவனியுங்கள். சாதியை அபாலிஷ் செய்வதாக அரசமைப்பில் எந்த உறுப்பும் இல்லை.

சாதிக்கு அம்பேத்கர் தேர்ந்தது அனைஹிலேட். சாதியை அவர் ஒரு பருப்பொருளாகப் பார்க்கவில்லை. மனிதரின் மனத்தில் இருக்கும் கருத்தாகவும், அந்தக் கருத்துக்குப் புனிதம் கொடுக்கும் நூல்களின் அதிகாரமாகவும் பார்த்தார். உட்சாதிகளை முதலில் கலைக்கலாம் என்ற யோசனையையும், கலந்துண்ணும் யோசனையையும் எடுத்துப் பார்த்துப் போதாது என்றார். கலப்பு மணத்தை மெய்யான மருந்தாகச் சொன்னார். அதை மக்கள் செய்ய முன்வராததற்குக் காரணம் சாத்திரங்களின் மீதுள்ள நம்பிக்கை என்பதால், அந்த நம்பிக்கையை இல்லாமலாக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். மண்டல் அஞ்சியதும் அந்த இடத்துக்குத்தான்.

தமிழ்நாட்டில் நாம் 'தீண்டாமை ஒழிப்பு' என்றும் 'சாதி ஒழிப்பு' என்றும் ஒரே மூச்சில் சொல்கிறோம். முதலாவது சட்டம் 1950லேயே அறிவித்து முடித்த செயல். இரண்டாவது இன்னும் தொடங்காத செயல். ஒரே வினையால் சொல்வதால் முதலாவதன் கணக்கில் இரண்டாவதும் சேர்ந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை குற்றம் என்று அச்சிடும் அரசும், அதே மாணவர் கையில் சாதிக் கயிறு கட்டி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமூகமும் ஒன்றோடொன்று முரண்படாமல் வாழ முடிவது இந்தச் சேர்க்கையினால்தான்.

4. தூக்கிவிடுவது, மீட்பது, மறுவாழ்வு தருவது

சீர்திருத்த காலத்தின் பிரியமான வினை 'அப்லிஃப்ட்'. தூக்கிவிடுகிறவர் மேலே நிற்க வேண்டும்; அவர் மேலேயே நிற்பது அந்த வினைக்குத் தேவை. மேலே நிற்பவர் இறங்கி வர வேண்டும் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

இன்னொரு வினை 'ரீக்ளெய்ம்'. கடலிலிருந்தோ தரிசிலிருந்தோ நிலத்தை மீட்பதற்கு வழங்கும் சொல். 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் முழுச் சமூகங்களைப் பிறப்பால் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சமூகத்து மக்களைத் தரிசு நிலத்தைப் போல மீட்பதற்கு ஒரு துறை உருவானது. அதைத் தமிழில் 'கள்ளர் சீரமைப்பு' என்று அழைத்தோம். விரல்ரேகைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் மக்கள் சுடப்பட்டது இதே வினையின் மறுபக்கம்.

அந்தச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டபோது, ஆங்கிலத்தில் அம்மக்களைக் குறிக்க வந்த வினை 'டீநோட்டிஃபை'. அறிவிப்பை விலக்கிக்கொள்வது என்று பொருள். அரசு ஓர் அறிவிப்பைச் செய்தது. அரசே அதை விலக்கிக்கொண்டது. செய்தவரும் நீக்கியவரும் அரசு. தமிழில் அதே மக்களுக்கு நாம் வழங்கும் சொல் 'சீர்மரபினர்'. சீரான மரபுடையவர் ஆனவர்கள்; அதாவது, முன்பு சீரற்று இருந்தவர்கள். ஆங்கிலச் சொல் அரசின் செயலைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்ச் சொல் மக்களின் குணத்தைப் பற்றிப் பேசுகிறது. தாய்மொழி என்பதற்காகவே ஒரு சொல் நம் பக்கம் நிற்கும் என்று நம்ப முடியாது என்பதற்கு இது ஒரு பாடம்.

'ரீஹாபிலிடேட்' என்ற வினையையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். 1993இல் கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிராக வந்த சட்டத்தின் தலைப்பில் தடை இருந்தது. 2013இல் வந்த சட்டத்தின் தலைப்பில் தடையோடு மறுவாழ்வும் சேர்ந்தது. அது போராடிப் பெற்ற முன்னேற்றம். வினையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: மறுபடி தகுதியுள்ள நிலைக்குக் கொண்டுவருவது. வெள்ளத்தில் வீடிழந்தவருக்கு மறுபடி என்று ஒன்று உண்டு. பிறந்த நாளிலிருந்தே இந்த வேலைக்கு என்று ஒதுக்கப்பட்டவருக்குத் திரும்பிப் போக எந்த முந்தைய வாழ்வு இருந்தது? அவருக்குத் தர வேண்டியது முதல் வாழ்வு. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. 2023இல் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை திருத்தப்பட்டது. தொட்டிக்குள் இறங்குவது நிற்கவில்லை.

5. மதம் மாறினார்களா, மாற்றப்பட்டார்களா?

கன்வெர்ட் என்ற வினையின் வேரில் இருப்பது திரும்புதல். ஆங்கிலத்தில் அது இரண்டு வழியிலும் ஓடும் என்று முன்பே சொன்னோம். 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர் தம் முடிவை அறிவித்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்துக்கு மாறினார். இருபத்தோராண்டுகள் படித்து, ஒப்பிட்டு, தேர்ந்து எடுத்த முடிவு. தமிழில் சொன்னால் அது 'மாறினார்' மட்டுமே. 'மாற்றினார்கள்' என்று சொல்ல வழியே இல்லை. அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1898இல், பண்டிதர் அயோத்திதாசர் அதே திசையில் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியிருந்தார்.

1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடு முழுவதும் எழுந்த கேள்வி வேறுவிதமாக இருந்தது. யார் மாற்றினார்கள், எந்தப் பணம் மாற்றியது என்றே கேட்டார்கள். எதனால் மாறினீர்கள் என்று அந்த மக்களைக் கேட்டவர்கள் குறைவு. பிறவினையைப் போட்டவுடனே முடிவெடுத்த மனிதர்கள் வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார்கள். மாற்றப்பட்ட பொருளாக மட்டும் மிஞ்சுகிறார்கள். 2002இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்து, எதிர்ப்பால் 2004இல் கைவிட நேர்ந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் இந்தப் பிறவினையின்மேல் கட்டப்பட்டதுதான். தலித்துக்குச் சொந்தமாக ஒரு தன்வினை இருக்க முடியாது என்பது அதன் உள்ளடக்கம்.

மாறியவர்களுக்கு இன்னொரு கதவும் சாத்தியிருக்கிறது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்குள் வைத்தது. 1956இல் திருத்திச் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் திருத்திப் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை. மதம் மாறினால் சாதி மாறிவிடுகிறது என்று சட்டம் சொல்கிறது. ஊரும் கல்லறைத் தோட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

6. நீர்க்கச் செய்வதும் பெயரை எடுப்பதும்

எல்லா வினைகளும் வெளிப்படையாக வருவதில்லை. 'ரிப்பீல்' செய்தால் சட்டம் போய்விட்டது என்று தெரியும், தெருவுக்கு வரலாம். 'டைல்யூட்' அப்படியில்லை, பெயர் இருக்கும், எண் இருக்கும், காரம் இருக்காது. 2018 மார்ச் 20இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கைதுக்கு முன் அனுமதியும் வழக்குப் பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணையும் வேண்டும் என்றது. தீர்ப்பின் மொழியில் அது அப்பாவிகளுக்கான பாதுகாப்பு. அதைச் சட்டத்தை நீர்க்கச் செய்தல் என்று பெயரிட்டு அழைத்தவர்கள் நம் மக்கள். ஏப்ரல் 2இல் நாடெங்கும் தெருவுக்கு வந்தார்கள்; பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 18ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. சரியான வினையைக் கண்டுபிடித்ததும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

'ரிமூவ்' என்ற வினைக்கும் நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது. 1997இல் தென் மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள், கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரை மற்றவர்களோடு சமமாக வைப்பதைவிட எல்லாப் பெயர்களையும் நீக்குவது எளிதாக இருந்தது. நீக்கம் சமத்துவம் போலத் தோற்றமளிக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வசையாகிப்போன சொல் போவது நல்லது, வரவேற்கிறோம். சொல் போன இடத்தில் பட்டா வந்ததா, ஊருக்கும் சேரிக்கும் பொதுவான சுடுகாடு வந்ததா என்பதை அந்தந்த ஊரில் நின்று பார்க்க வேண்டியது நமது வேலை.

7. மாணவர்களுக்கு ஒரு வேலை

இத்தனையும் சொன்னது அகராதி தொகுப்பதற்காக அல்ல. ஓர் அரசாணை, ஒரு தீர்ப்பு, ஒரு திட்ட அறிவிப்பு கையில் வரும்போது, பெயர்ச்சொற்களைத் தாண்டி அதிலுள்ள வினைகளுக்குக் கீழே கோடு போடுங்கள். பிறகு நான்கு கேள்விகள் கேளுங்கள்.

செய்கிறவர் யார்? வாக்கியத்தில் அவர் இல்லையென்றால், ஏன் இல்லை?

செயப்படுபொருள் எது? குவளையா, நடைமுறையா? தொகையா, தொட்டிக்குள் இறங்கும் வேலையா?

செய்ததை மீண்டும் அழிக்க முடியுமா? அரசாணையால் வந்தது அரசாணையால் போகும். அரசமைப்புத் திருத்தமாக வந்தது அவ்வளவு எளிதில் போகாது.

இந்த வினை முடிந்த பிறகு மிஞ்சுவது என்ன? 'ரிவ்யூ' என்றால் மறுபடி பார்ப்பது மட்டுமே. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம். 'மாடிஃபை' என்றால் அளவு மட்டுமே மாறும். 'ரிஃபார்ம்' என்றால் உருவம் மாறி உள்ளடக்கம் இருக்கலாம். 'அபாலிஷ்' என்றால் சட்டத்தில் இருக்காது, தெருவில் இருக்கலாம்.

மனு எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு பிரிவு சேர வேண்டும் என்றால் அமெண்ட் என்று கேளுங்கள். அது பெரிய வினை, 1951இலும் 2018இலும் நமக்கு வேலை செய்த வினை. ஒரு சட்டம் போக வேண்டும் என்றால் ரிப்பீல் என்று தயங்காமல் கேளுங்கள். ரிவைஸ் என்று மென்மையாகக் கேட்டால் ஒரு குழு அமைப்பார்கள். சாதியைப் பற்றிப் பேசும்போது மட்டும் நமக்குக் கிடைத்த பெரிய வினையைச் சிறிய வினைகளோடு கலந்துவிட வேண்டாம். சாதியைச் சீராக்கிக் கொடுங்கள், சாதிக்குள் எங்களுக்கும் ஒரு நல்ல இடம் கொடுங்கள் என்று நாம் யாரிடமும் கேட்கவில்லை. 1936இல் ஒரு காற்புள்ளியும் மாற்றாமல் அம்பேத்கர் வைத்துவிட்டுப் போன வினையைச் செய்து முடிப்பது பாக்கியிருக்கிறது. அந்த வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, யார் எதைச் செய்வது என்று பேசுவதற்குத்தான் இதுபோன்ற அவைகள் கூடுகின்றன. கேள்விகளுக்காகக் காத்திருக்கிறோம்.